பழுப்பேறும் அரை டாலர்

அமெரிக்காவில் அரை டாலர் காசு செல்லும். ஆனால் செலவழிக்க முடியாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் நின்ற குளிர்பான இயந்திரம். பேருக்கு அது அவர்களுடைய எட்டணாதானே என்று போட்டால், வாயிலேயே நுழையவில்லை. எங்கள் பழைய ஒரு ரூபாய்க்கு அண்ணன் மாதிரி அகலம். பக்கத்தில் நின்ற கறுப்பினத்து அம்மாள் ஒருவர் என் கையை எட்டிப் பார்த்தார். "வீட்டில் பத்திரமாக வை கண்ணு, அது செலவு பண்ணுகிற காசு இல்லை" என்றார். அந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் தேனே என்று கூப்பிடுவார்கள். என் காதில் அது எங்கள் ஊர்க் 'கண்ணு'வாகத்தான் விழுந்தது.

காசைக் கொடுத்தனுப்பியவன் பழனிச்சாமி. ஈரோட்டில் என்னோடு கல்லூரியில் படித்தவன். அப்போது பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேதியியல்காரன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கப்போகிறது, கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த இலையுதிர் காலம் அது. மூன்று ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தன. நான் ஓரிடத்தில் கால் நிற்காதவன், கிளம்பிவிட்டேன். பழனி வீட்டில்தான் முதல் தங்கல்.

அவன் குடியிருந்த வளாகத்தில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. முதல் நாள் மாலை நடை போய்த் திரும்பியவன், சாம்பார் வாசனையை நம்பி ஒரு கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு தெலுங்குக் குடும்பம். அவர்கள் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த பிறகுதான் நான் வந்தது வேறு வீடு என்று கண்டுபிடித்தோம். பழனி வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி சிரித்தான். ஈர இலையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்திருந்தது. "இந்த ஊர்ல மரம் ஆளை அடிச்சுப்போடும், கவிஞரே. கீழ பார்த்து நட" என்றான்.

இயந்திரம் ஏற்காத காசை மேசையில் வைத்தேன். அவனுக்குப் பிடித்த பேச்சு தொடங்கிவிட்டது.

"ஒரு ஜனாதிபதியைச் சுட்டுட்டாங்க. அவர் முகத்தைப் போட்டு இந்தக் காசை அடிச்சாங்க. சனமெல்லாம் ஞாபகத்துக்குன்னு எடுத்து பீரோவுல வெச்சுக்கிச்சு. கடைக்கே வரலை. வராத காசுக்கு மெஷின்ல எதுக்கு ஓட்டை?"

அன்பினால் செத்த காசு என்று நான் சொன்னேன். அவன், இதையெல்லாம் டெக்சாஸ் மேடையில் சொல்லு, கைதட்டுவாங்க, இங்கே வேலை இருக்கிறது என்றான். பிறகு உள்ளே நொண்டிப்போய் ஒரு சின்னப் பருத்திப் பையைக் கொண்டுவந்தான்.

பையிலிருந்து வந்ததும் அரை டாலர்தான். ஆனால் வெள்ளி இல்லை, செம்பு. நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஒரு பெண்ணின் தலை, காதோரம் பிரிந்து தொங்கும் ஒரு கற்றை முடி. அவன் அதை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு விளக்கினான். புதுக் காசு அடிப்பதற்கு முன்னால் நாணயச் சாலையில் இரண்டு மூன்று முகம் வரைந்து, செம்பில் விரல்விட்டு எண்ணும்படி அடித்துப் பார்ப்பார்களாம். பெரியவர்கள் சரி என்றால் அந்த முகம் வெள்ளிக்குப் போய் லட்சக்கணக்கில் கைமாறும். வேண்டாம் என்றால் மாதிரிக் காசாகவே நின்றுவிடும். இந்தப் பெண்ணை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"பொண்ணு பார்த்துட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு போன கதை" என்றான்.

ஆனால் என்னைப் பிடித்தது முகம் இல்லை. அந்தப் பழுப்பு. வெறும் பழுப்பு என்று சொல்லிவிட்டால் பாவம். ஓரத்தில் முற்றிய புளியங்கொட்டை, கன்னத்தில் வரக்காப்பி, கழுத்தின் பள்ளத்தில் அணைந்த கங்கின் மிச்சச் சிவப்பு. யாரும் பூசாமல், காலம் தானாகத் தடவிய நிறம்.

அந்தக் காசை அவனுக்கு விற்றவர் வால்டர். பழனி அமெரிக்கா வந்த புதிதில் டெக்சாஸில் இருந்தபோது, ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்த நாணயச் சங்கக் கூட்டத்தில் பழக்கம். சின்ன ஊரில் பெயிண்ட் கடை வைத்திருந்த மனிதர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கண் மங்கத் தொடங்கியதும், யாரிடம் கொடுக்கிறேன் என்பது தெரியும்போதே கொடுத்துவிடுகிறேன் என்று இவனிடம் கொடுத்தார். இப்போது ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும் என்று போன் செய்திருந்தார்.

"கண்ணுல நடுப்பாகம் போயிருச்சாம். ஓரம் மட்டும்தான். முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும். அடுத்த வருசம் அதுவும் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தப் பழுப்பை ஒருக்காப் பார்த்துக்கறேன், தபால்ல மட்டும் அனுப்பாதேன்னார். நானே போறதா இருந்தேன்." கட்டுப்போட்ட காலைக் காட்டினான். "நீ எப்படியும் டெக்சாஸ் போறே."

இரண்டே கட்டளை. துணியால் துடைக்கக் கூடாது. முகத்தில் விரல் படக் கூடாது. துடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "செத்துரும்" என்றான்.

நெஞ்சுப் பையில் அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். சோதனை வாசலில் மணி அடித்தது. காவலர் வெளியே எடுக்கச் சொன்னார். அரை டாலர் என்றதும் அந்த இளைஞர் மற்றொருவரைக் கூப்பிட்டு, இப்படி ஒன்று நம் நாட்டில் உண்டா என்று கேட்டார். அவருக்கும் சந்தேகம். இந்தியன் ஒருவன் அமெரிக்கர்களுக்கு அமெரிக்கக் காசைப் பற்றிப் பாடம் எடுத்தபடி இருக்க, பின்னால் வரிசை முணுமுணுத்தது.

கலிபோர்னியாவில் இறங்கியபோது வேறு நாட்டுக்கு வந்தது போல இருந்தது. சான் ரமோனைச் சுற்றி மழை காணாத மஞ்சள் குன்றுகள். சித்திரையில் தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடுமே, அதே காய்ந்த புல். பழனியின் தங்கை மகேஸ்வரியின் வீட்டில் நாலு நாள். அவள் கணவன் செந்தில் சாப்ட்வேர்காரன். ஆண்டு புரளும்போது கம்ப்யூட்டர் நின்றுவிடாமல் பார்க்கிற அந்த ஒய்டூகே வேலை அவனுக்கு இரவு பகலாக. காலையில் ப்ரீவேயில் நகராத கார்களைக் காட்டி, "நம்ம ஊர் டவுன் பஸ் இதுக்கு முன்னால போயிருமுங்ணா" என்பான். ஆறு வயது மகள் நிலா, நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது இடைஞ்சலாகவே இல்லை.

பழனியின் எடையில் பாதி மகேஸ்வரியின் சமையலில் ஏறியதாகத்தான் இருக்கும். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், கடித்துக்கொள்ள வறுத்த மிளகாய். ஓக்லண்ட் பக்கம் கடை தேடி அலைந்து வாங்கிய தேங்காயை ஊரில் வாங்கியதுபோலத் தட்டிப் பார்த்து உடைத்தாள்.

நான் போன மூன்றாம் நாள் ஆயுத பூஜை. விடுமுறை கிடையாது. செந்தில் ஆபீஸ் முடிந்து வந்ததும்தான் சாமி. கார் இரண்டையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தெருவில் நாயோடு நடந்த வெள்ளைக்காரர் நின்று பார்த்துவிட்டு, டயர் பஞ்சரா என்று அன்போடு விசாரித்தார். உள்ளே கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம், நிலாவின் கலர் பென்சில் டப்பாவுக்குக் குங்குமம், அரிவாள்மனைக்கு ஒரு பூ.

"ஒய்டூகேக்கு இதைவிட நல்ல மருந்து இல்லீங்ணா, எங்க மேனேஜருக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்றான் செந்தில்.

மகேஸ்வரி என்னிடம் வந்து, உங்க பேனாவைக் குடுங்கண்ணா என்றாள். கொடுத்தேன். அண்ணன் கொடுத்துவிட்ட பொருளையும் கொடுங்கள், இத்தனை தூரம் சுமந்து போகிறீர்கள், ஒரு ராத்திரி சாமி முன்னால் இருக்கட்டும், வழியில் ஒரு குறையும் வராது என்றாள். பருத்திப் பையோடு அவள் கையில் வைத்தேன். பையோடுதான் இருக்கும் என்று நினைத்தேன். சுண்டலைத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் குளித்துவிட்டுச் சாமி அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் விசைப்பலகைக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் நடுவே, வெற்றிலை மேல் அது இருந்தது. புதுச் செம்புக் குடம் போலப் பளபளவென்று, இளஞ்சிவப்பாக. அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு.

மகேஸ்வரியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து வந்து, எப்படி இருக்கிறது பாருங்கள் என்கிற முகத்தோடு நின்றாள். நிலா ஓடிவந்து, மின்னுகிறது, மின்னுகிறது என்று ஆங்கிலத்தில் குதித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தாயின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"செம்புச் சாமான் கறுத்துக் கெடந்துச்சுங்ணா. அழுக்கோட எப்படிச் சாமிகிட்ட வைக்கிறதுன்னு புளியும் உப்பும் போட்டு… நல்லாத்தானே இருக்குது?"

அவள் செய்ததில் தவறு எங்கே? செம்பு என்றால் புளி. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள், இன்னும் கொஞ்சம் சாம்பலும் சேர்த்திருப்பார்கள். நான் உட்கார்ந்துகொண்டு வால்டரின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு இனி என்ன தெரியும், என்ன தெரியாது, எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

அண்ணனுக்கு அவளேதான் போன் போட்டாள். அழுகையோடு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் பேசியது ரிசீவரை விட்டு வெளியே கேட்டது: "சரி. அழாதே. சாப்பிட்டயா?" பிறகு போன் என் கைக்கு வந்தது. வால்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்றேன். "போன்ல எப்படிச் சொல்றது? கொண்டுபோய்க் கையில குடு. அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்க" என்றான்.

ஹூஸ்டன் மேடையில் என்ன வாசித்தேன் என்று இப்போது நினைவில்லை. கைதட்டியதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை நெடுந்தூரப் பேருந்து ஏறினேன். அமெரிக்காவில் பேருந்தில் போகிறவர்கள் கார் இல்லாதவர்கள், அல்லது என்னைப் போலக் கார் ஓட்டத் தெரியாதவர்கள். பருத்திக் காடுகள் கடந்தன. கொங்கு நாட்டான் பருத்தியைப் பார்த்தால் பேசாமல் இருக்க மாட்டான். நான் அன்று பேசாமல் வந்தேன்.

பாதி வழியில் ஏசி நின்று, பிறகு வண்டியே நின்றது. பெட்ரோல் பங்க் ஓரம் எல்லோரும் இறங்கினோம். பக்கத்துக் கடையில் நடுவில் கசகசா வைத்த ஒரு இனிப்பு ரொட்டி விற்றார்கள். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பண்டமாம், அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் கிடைக்கும். என் பக்கத்து இருக்கை மெக்சிக்கோக்காரர் ஒன்று வாங்கி, பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார். மகன் ராணுவத்தில் இருக்கிறான், பார்க்கப் போகிறேன், நீ எதற்குப் போகிறாய் என்று கேட்டார். ஒரு காசைக் காட்டப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீதி ரொட்டியை மென்றார்.

வேறு வண்டி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வால்டர் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். வைக்கோல் தொப்பி, தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை. என்னைப் பார்க்க வேண்டி என் காதுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நேராகப் பார்த்தால் நடுவில் இருட்டு. விலகிப் பார்த்தால்தான் ஆள் ஓரத்தில் வருவான். "நீ நீலச் சட்டை. பழனி சொன்ன கவிஞர்" என்று கை நீட்டினார். வீடு நடக்கும் தூரம்தான். ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இது நான் விற்ற பச்சை, அதோ அது நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அடித்த மஞ்சள், சர்ச்சுக்காரர்கள் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பதில் இரண்டு சொட்டு நீலம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத் தெருவே நிறங்களாகத்தான் மிச்சமிருந்தது. பையிலிருந்த காசு எனக்குக் கனத்தது.

சமையலறை ஜன்னலோரம் மேசை. வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை விரித்துத் தயாராக வைத்திருந்தார். நான் எதையாவது சொல்லித் தொடங்கலாம் என்று வழியெல்லாம் யோசித்த ஆங்கில வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. காசைக் கைக்குட்டை மேல் வைத்தேன்.

அவர் தொடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஜன்னலைப் பார்த்தார், அதாவது காசைப் பார்த்தார்.

"இவள் தோலை யார் உரித்தது?"

சொன்னேன். வருடத்தில் ஒரு நாள் நாங்கள் வேலை செய்யும் பொருட்களைக் கழுவிக் கடவுள் முன்னால் வைப்போம் என்று. அழுக்கோடு வைக்க மாட்டோம் என்று. பழனியின் தங்கை அதை மரியாதைக்காகச் செய்தாள் என்று. புளி என்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருந்தும் அதை அவருக்கு விளக்க முடியவில்லை. அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். மறுபடி உட்கார்ந்தபோது கண் நனைந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு அது கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரோ என்று எனக்கு ஒரு அசட்டு எண்ணம் ஓடியது.

"போன வாரம் வந்திருந்தால் பார்த்திருப்பேன்" என்றார். கோபமாக இல்லை. ரயில் போய்விட்டதைச் சொல்வதுபோல.

திரும்பப் பழுப்பாக்க மருந்து விற்கிறார்களாமே, செந்தில் சொன்னான் என்றேன். "நானே விற்றிருக்கிறேன். இவளுக்குச் சாயம் பூச மாட்டேன்" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் பெண் அழுகிறாளா?"

இப்போது தெரியாது, அன்றைக்கு அழுதாள் என்றேன். எண்ணைக் கேட்டு வாங்கினார். விரலால் தடவித் தடவிப் போனில் எண்களை அழுத்தினார். மகேஸ்வரிதான் எடுத்திருக்க வேண்டும். அவர் தன் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் சாரி அங்கிள், சாரி அங்கிள் என்று ஓடியது எனக்கே கேட்டது. அது அழுக்கு என்று நினைத்துவிட்டேன் அங்கிள் என்றாள்.

"அழுக்குத்தான், கண்ணு. அத்தனை வருடமாக அதை அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை."

அந்தப் பக்கம் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு. அவர் எதைப் போட்டாய், எவ்வளவு நேரம் தேய்த்தாய், உப்பு எவ்வளவு என்று கடைக்காரர் தோரணையில் விசாரித்தார். கடைசியில், "இந்த ஊர்க் காற்றுக்கு எவ்வளவு நாளாகும் என்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு" என்று சொல்லி வைத்தார்.

அப்புறம் பழனியிடமும் பேசினார். காசு கொஞ்ச காலம் தன்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டார். பழனி உடனே சரி என்றான். வால்டர் கைக்குட்டையோடு காசை எடுத்து, வெயில் விழும் ஜன்னல் கட்டையில் வைத்தார். மூடவில்லை. "செம்பு சும்மா இருக்காது. இன்றைக்கே ஆரம்பித்துவிடும்" என்றார். மாட்டிறைச்சி வறுத்து, பீன்ஸ் கொட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார். நிறத்தை வைத்தே மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தார்.

நான் ஊர் திரும்பிய பின் மகேஸ்வரி மாதம் ஒருமுறை கூப்பிடுவாள். இரண்டு மூன்று வார்த்தை குரல், பிறகு எதிரொலி, போன் கார்டில் நிமிடம் தீருவதற்கு முன் அவசரமாகச் செய்தி. ஒவ்வொரு ஞாயிறும் வால்டர் அங்கிளோடு பேசுகிறாள். அவர் அந்த வாரத்து நிறத்தைச் சொல்வார். அவள் அதை எனக்குத் தமிழில் ஆக்குவாள். முதலில் உரித்த எறா மாதிரி. கார்த்திகை பிறந்தபோது ஆரஞ்சு மிட்டாய். வருடம் புரண்டு கம்ப்யூட்டர் எதுவும் நிற்காமல் செந்தில் வீட்டுக்கு வந்து தூங்கத் தொடங்கிய நாட்களில், ஓரமெல்லாம் நாட்டுச் சர்க்கரை. கோடையில் டீத்தூள் குறைவாகப் போட்ட டீ. வாழ்க்கையில் எத்தனையோ பழுப்புகளை விற்றிருக்கிறேன், ஒன்று உண்டாவதை உட்கார்ந்து பார்த்தது இல்லை என்று அவர் சொன்னாராம். நானும் வீட்டில் ஒரு செம்புத் தம்ளரைப் புளி போடாமல் ஜன்னலில் வைத்தேன். வீட்டுக்காரி ஒரு வாரம் பொறுத்தாள்.

அந்த வருடக் கடைசியில் வந்த அழைப்பில் அவள் குரல் மாறியிருந்தது.

"நேத்து இப்ப என்ன நிறமுங்க அங்கிள்னு கேட்டேனுங்ணா. எப்பவும் உடனே சொல்லிப்போடுவாரு. இந்தத் தடவை, நீயே ஒருதரம் வந்து பாத்துட்டு எங்கிட்டச் சொல்லுன்னாரு."

அவளுக்கே புரிந்திருந்தது. கண்ணோரத்தில் மிச்சமிருந்த பார்வையும் அவருக்குப் போய்விட்டது.

"லீவுக்கு எல்லாரும் போறோம். ப்ளைட் வேண்டாம், கார்லயே ரெண்டு நாள் டிரைவ் பண்ணிக்கலாம்னு எங்க வீட்டுக்காரரும் சொல்லிட்டாரு. நிறத்துக்கெல்லாம் இங்கிலீசுல என்ன பேருன்னு நிலாகிட்டக் கேட்டுக் கேட்டுப் படிச்சிட்டிருக்கறனுங்ணா" என்றாள். போன் கார்டில் நிமிடம் தீர்ந்தது.